முன்சீட் இல்லாத கார்

சில வாரங்களுக்கு முன்னால், என் மனைவி கம்ப்யூட்டரில் செய்து இன்டர்நெட்டில் போட்ட ஒரு காரின் படத்துக்குக் கமென்ட் வந்தது.

எழுதியவர் எந்த நாட்டுக்காரர் என்று தெரியவில்லை. முகத்துக்குப் பதில் ஒரு நரியின் படம் வைத்திருந்தார். இங்கிலீஷில் அவர் எழுதியிருந்ததன் சாரம் இது: "இத்தனை அழகான பின்சீட்டை எந்த கேமிலும் நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு சந்தேகம்... டேஷ்போர்டு எங்கே? உங்கள் ஊரில் காரைப் பின்சீட்டில் உட்கார்ந்துதான் ஓட்டுவார்களா?"

கலாமணி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும் லேப்டாப்பை மூடினாள். சமையலறைக்குப் போனாள். ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த டம்ளர்களை மறுபடி கழுவ ஆரம்பித்தாள்.

கல்யாணமாகி இத்தனை காலத்தில் நான் கற்றுக்கொண்ட பாடங்கள் குறைவு. அதில் ஒன்று — கழுவிய டம்ளரை அவள் திரும்பக் கழுவும்போது பக்கத்தில் போய் நிற்கக் கூடாது.

கலாமணிக்கு வேலம்பாளையம் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் வேலை. பேட்டர்ன் செக்‌ஷன். டி-ஷர்ட்டுக்கு முன்பக்கம், முதுகு, கை, காலர் என்று கம்ப்யூட்டரில் துண்டு துண்டாக வரைந்து கொடுக்க வேண்டும். மகன் வேலை கிடைத்து பெங்களூருக்குப் போனபோது, அவனுடைய கேம் ஸ்டியரிங்கையும் பெடல்களையும் வீட்டில் விட்டுவிட்டுப் போனான். தூசி படியாமல் துணி போட்டு மூடப்போனவள், சும்மா ஒருமுறை உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தாள்.

அதற்கப்புறம் துணி போடவே இல்லை.

நிஜக் கார் போலவே கிளட்ச், கியர், பிரேக் எல்லாம் பார்த்துப் பார்த்து ஓட்ட வேண்டிய கேம் அது. அதில் 'மாட்' என்று ஒரு சமாசாரம் உண்டு. கேம்காரர்கள் கொடுக்காத ஒரு காரை நாமே செய்து உள்ளே சேர்த்துக்கொள்ளலாம். உலகம் முழுக்க ஆட்கள் இதைச் சம்பளமில்லாமல் செய்கிறார்கள். ஒரு பழைய காரின் கதவு மூடும் சத்தத்துக்காக மாதக்கணக்கில் அலைகிறவர்கள்கூட இருக்கிறார்களாம். எனக்கு அவர்களைப் புரிகிறது. கவிதையில் ஒற்றைச் சொல்லுக்காக நான் அலைந்ததில்லையா?

கலாமணி செய்ய ஆசைப்பட்டது அவளுடைய அப்பாவின் காரை.

பெயர் சொல்ல வேண்டியதில்லை. உருண்டை மூக்கு. உருண்டை முதுகு. மழையில் நிற்கிற எருமையின் பொறுமை. நிறம் மட்டும் கரும்பச்சை. உடுமலைப்பேட்டைக்கு வெளியே தென்னந்தோப்புக்கு நடுவில் அவர்கள் வீடு. என் மாமனார் அதைக் கார் என்று சொல்லி நான் கேட்டதில்லை. அந்தக் கால வழக்கப்படி 'பிளசர்' என்றுதான் சொல்வார். "பிளசருக்குத் தண்ணி ஊத்துனியா?" "பிளசர நெழல்ல நிறுத்து." இன்பம் என்று அர்த்தமுள்ள ஒரு இங்கிலீஷ் சொல்லுக்கு நாலு சக்கரம் மாட்டி, நம் மண்ரோட்டில் ஓடவிட்டவர்கள் அவர்கள்! கவிதை எழுதுகிறவன் என்று சொல்லிக்கொள்கிற எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

அந்த பிளசர் பழுதாகி, கைமாறி, எங்கோ போய்ச் சேர்ந்து வெகு காலமாகிவிட்டது. அந்த இல்லாத காரைத்தான் கலாமணி செய்யத் தொடங்கினாள்.

காரின் உடம்பைக் கம்ப்யூட்டரில் செய்தபிறகு, அதன் தோலை உரித்துத் தட்டையாக விரிக்க வேண்டும். அந்தத் தோலின்மேல்தான் நிறம், கீறல், துரு எல்லாம் தீட்டுவது. புதிதாகப் பழகுகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் இந்த இடத்தில்தான் திணறிப்போய் விட்டுவிடுவார்களாம். கலாமணி திணறவில்லை.

"பனியன் தைக்கறதுக்கு முன்னாடி துண்டு துண்டா கெடக்குமில்லீங்க... அதாட்டத்தானுங்க. கதவு ஒரு துண்டு, பானட் ஒரு துண்டு, டிக்கி ஒரு துண்டு. இதுல என்ன கஷ்டம்?"

ஆனால் முதல்முறை கேமில் இறக்கி ஓட்டியபோது ஒரு சின்னப் பாலத்தில் கார் இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு நின்றது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. அளவைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். கடைசியில் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பனியன் துணி துவைத்தால் சுருங்கும். அதற்காக, பேட்டர்ன் போடும்போதே நீளம் அகலம் எல்லாவற்றிலும் கொஞ்சம் கூட்டிப் போடுவார்கள். கைப்பழக்கத்தில் காருக்கும் கூட்டிப் போட்டுவிட்டாள்!

"ஏன் கலா, ஒரு நாள் மழைல நனைய உட்டாச் சரியாப் போயிருமா?" என்றேன்.

"சிரிங்க, சிரிங்க. நீங்க கவிதைல கூட்டிப் போட்டதெல்லாம் எந்த மழைல சுருங்குச்சாமா?"

நான் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

விளையாட்டாகத் தெரிந்தாலும் அவளுக்கு உள்ளே ஒரு அவசரம் இருந்தது. மாமனாருக்குக் கண்ணில் அழுத்தம். பார்வையின் ஓரங்கள் எல்லாம் போய்விட்டன. நடுவில் ஒரு குழாய் அளவுக்குத்தான் உலகம் மிச்சமிருக்கிறது. போனது திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் கொஞ்ச காலம் பிடித்து வைக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்தக் குழாய் மூடுவதற்குள் அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்த பிளசரை அவள் ஓட்டிக் காட்ட வேண்டும். ஒருமுறையாவது. கலாமணியின் ஆசை அவ்வளவுதான்.

பின்சீட்டைச் செய்து முடித்துக் காட்டியபோது நான் அசந்துபோனேன். டிரைவர் சீட்டின் முதுகுப்பக்கம் ரெக்ஸின் கிழிந்து உள்ளேயிருந்து தேங்காய் நார் எட்டிப் பார்க்கிறது. அந்தக் கிழிசலைச் சுற்றி, ஒரு சின்ன விரல் வருடக்கணக்கில் நோண்டி நோண்டி உண்டாக்கிய வழவழப்பு. இடது ஜன்னல் கைப்பிடியில் குமிழ் உடைந்துபோய், கம்பியில் சைக்கிள் டியூப் சுற்றியிருக்கிறது. கூரைத் துணியில் எந்த மழையோ ஒழுகிய பழுப்புக் கறை — ஓரத்தில் மட்டும் கொஞ்சம் அடர்த்தியாக, காய்ந்த பால்போல. பின்கண்ணாடிக்கு அவள் அம்மா ஜாக்கெட் துணியில் தைத்துப் போட்ட குட்டித் திரை. அந்தத் துணியில் மடிப்புக்கூட விழுந்திருந்தது. வெயில் பட்ட பக்கம் வெளிறியும் இருந்தது.

முன்னால்?

முன்னால் ஒன்றுமில்லை. ஒரு ஸ்டியரிங். அதற்குப் பின்னால் கறுப்பாக ஒரு பலகை.

ஏனென்றால் கலாமணி அந்தக் காரின் முன்சீட்டில் உட்கார்ந்ததே இல்லை. அப்பா ஓட்டுவார். பக்கத்தில் அண்ணன் செல்வராசு. பின்னால் அம்மா, அத்தை, ஜன்னலோரம் இவள். முன்னால் எட்டிப் பார்த்தால் அத்தை பாவாடையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்துவிடுவார். செல்வராசு மீசை அரும்புவதற்கு முன்பே தோப்புக்குள் இருக்கிற மண்தடத்தில் ஓட்டப் பழகிவிட்டான். இவளும் கேட்டிருக்கிறாள். அப்பா சிரித்தாராம்.

"உனக்கெதுக்கு அம்மணி? நீ போற ஊட்ல டிரைவரே வெச்சிருப்பாங்க."

பிறகு அவள் போன வீடு என்னுடையது. டிரைவர் இல்லை. காரும் இல்லை. எனக்கு சைக்கிளே ஒழுங்காக ஓட்ட வராது. கலாமணிதான் ஸ்கூட்டர் ஓட்டுகிறாள். நான் பின்னால் உட்கார்ந்து மேகம் பார்த்துக்கொண்டு போகிறேன். நடுவில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து கார் லைசென்ஸ்கூட வாங்கினாள். அது பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது. ஏதோ ஒரு காரை ஓட்ட வேண்டும் என்பதல்ல அவள் ஆசை.

இன்பம் என்று ஒரு வண்டிக்குப் பெயர் வைத்தார்கள். சரி... யாருடைய இன்பம்? இந்தக் கேள்வி அந்த நரிப்படக்காரருக்குத் தோன்றியிருக்க வாய்ப்பில்லை. எனக்கே இப்போதுதான் தோன்றியது.

டேஷ்போர்டுக்காக அண்ணனுக்கு போன் போட்டாள். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"அண்ணா, நம்ம பிளசர்ல டேஷ்போர்டு எப்படீங்க இருந்துச்சு?"

"எப்படீன்னா?"

"அதானுங்... மீட்டர் எங்க, சுவிட்ச் எங்க, என்ன கலரு..."

"ஏம் புள்ள, ரோட்டப் பாத்து ஓட்டுவனா, போர்டப் பாத்து ஓட்டுவனா? ஸ்டியரிங் இருந்துச்சு. ஹார்ன் அடிச்சாச் சத்தம் வந்துச்சு. அவ்ளோதான் எனக்குத் தெரியும்."

"அத்தன வருசம் ஓட்டுனீங்களேண்ணா..."

"ஓட்டுனேன். பரிச்சைக்குப் படிக்கறாப்புல பாத்துட்டா உக்காந்திருந்தேன்? எதோ ஒண்ணு போட்டு உடு புள்ள. பொம்மக் காருக்கு என்னாத்துக்கு இவ்ளோ ஆராய்ச்சி?"

ஓட்டக் கிடைத்தவன் ரோட்டைப் பார்த்தான். ஓட்டக் கிடைக்காதவள் காரைப் பார்த்தாள். அதுவும் எப்படி... ஒரு நூல் விடாமல்! ஆசைப்பட்டுக் கிடைக்காத ஒன்றை மனிதர்கள் எத்தனை கவனமாக மனப்பாடம் செய்துவிடுகிறார்கள்.

"நெட்ல தேடுனா போட்டோ கெடைக்குமே?" என்றேன்.

"அது கம்பெனி போர்டுங்க. எங்கப்பா அதக் கழட்டி எறிஞ்சுட்டு, ஆசாரிகிட்டச் சொல்லித் தேக்குப் பலகைல செஞ்சு மாட்டுனாரு. அந்த போர்டு எங்க கார்ல மட்டுந்தான் இருந்துச்சு."

குடும்ப ஆல்பத்தில் அந்தக் காரின் போட்டோ நிறைய இருக்கிறது. எல்லாவற்றிலும் பானட்டின்மேல் கை வைத்தபடி யாராவது ஒரு உறவுக்காரர் விறைப்பாக நிற்கிறார். ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்து எடுத்த படம் ஒன்றுகூட இல்லை.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை உடுமலைக்கு பஸ் ஏறினோம்.

மாமனார் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். எங்கள் குரல் கேட்டதும் முகத்தை மெல்லத் திருப்பி, டார்ச் அடித்துத் தேடுகிறவர்போல எங்களைத் தேடிப் பிடித்தார்.

"வாங்க மாப்ளைங்க. அம்மணி... எளச்சுட்டியே கண்ணு?"

அவருடைய குழாய்க்குள் நாங்கள் இன்னும் அகப்பட்டோம் என்பதில் எனக்கு ஒரு நிம்மதி.

விஷயத்தைச் சொன்னதும் மனிதருக்குப் பத்து வயது குறைந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு மேசைக்கு நேராக நிமிர்ந்தார். கால்கள் தானாக நீண்டு இல்லாத பெடல்களைத் தேடின. கண்ணை மூடிக்கொண்டார். மேசையின் விளிம்பில் கையை வைத்துத் தடவிக்கொண்டே சொன்னார்.

"இங்க லைட்டு சுவிட்ச். வெள்ளக் குமிழு. இழுத்தாத்தான் எரியும். நடுவால மீட்டரு. வேகம் ஏறுனா முள்ளு நடுங்கும், அதையும் போட்டுக்க. அதுக்குக் கீழ சாவி. சாவி நேரா நிக்காது, கொஞ்சம் இக்கட்டால, இந்தப் பக்கமா சாஞ்சுதான் நிக்கும். இந்த மூலைல சோக்கு, குளுருல ஸ்டார்ட் பண்ண இழுக்கறது. சோக்குக்குப் பக்கத்துல பலகைல ஒரு கண்ணு இருந்துச்சு."

"கண்ணுங்களா?"

"மரத்துல கணு இருந்த எடம் வட்டமா நிக்குமில்ல, அது. ஆசாரி அந்தத் துண்ட மாத்திரலாம்னான். நாந்தான் வேண்டாம், இருக்கட்டும்ன்னேன்."

கலாமணி பென்சிலை ஓடவிட்டுக்கொண்டிருந்தாள். தாளிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. அப்படியே, அடுத்த சுவிட்சைப் பற்றிக் கேட்பது போலவே கேட்டாள்:

"ஏனுங்கப்பா... எனக்கு ஏன் ஓட்டக் குடுக்கல?"

"எத?"

"பிளசர."

மாமனார் கண்ணைத் திறந்தார். அவளைத் தேடிப் பிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"நீ கேட்டியா அம்மணி?"

பென்சில் நின்றது.

"கேட்டேனுங்கப்பா."

"எனக்கு ஞாவகமே இல்லையே கண்ணு. கேட்டிருந்தாக் குடுத்திருப்பனே... செல்வராசுக்குக் குடுத்தவன் உனக்குக் குடுக்கமாட்டனா?"

அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சமாளிப்பு இல்லை. பொய் இல்லை. நிஜமாகவே அந்த மனிதருக்கு ஞாபகமில்லை. பலகையில் இருந்த மரக்கண் ஞாபகமிருக்கிறது. சாய்ந்து நின்ற சாவி ஞாபகமிருக்கிறது. மகள் கேட்டதும் தான் சிரித்ததும் இல்லவே இல்லை. ஒரு வாழ்க்கை முழுக்க அவள் சுமந்துகொண்டிருந்த ஒன்று, இறக்கி வைக்கலாம் என்று வந்து பார்த்தால்... இறக்கி வைக்கிற இடமே காணாமல் போயிருந்தது.

சண்டை போடலாம். அழலாம். "நீங்க சொன்னீங்கப்பா" என்று வார்த்தை மாறாமல் சொல்லிக் காட்டலாம். எனக்குத் தெரிந்து அவளுக்கு அந்த வார்த்தைகள் குரலோடு சேர்த்து ஞாபகமிருக்கின்றன.

கலாமணி பென்சிலைத் திரும்பப் பிடித்தாள்.

"அந்தக் கண்ணு... சோக்குக்கு மேலயா, கீழயாங்கப்பா?"

டேஷ்போர்டு முடிந்தது. தேக்கின் ரேகை, வெள்ளைக் குமிழ், நடுங்குகிற முள் எல்லாம் வந்தன. கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடுகிற அதே ரகக் கார் ஒன்று பல்லடம் பக்கம் இருப்பதைக் கண்டுபிடித்து, அதன் இன்ஜின் சத்தத்தை செல்போனில் பதிந்துகொண்டு வந்தாள். போன ஞாயிற்றுக்கிழமை ஸ்டியரிங், பெடல் எல்லாவற்றையும் பனியன் அடுக்குகிற அட்டைப்பெட்டியில் வைத்துக் கட்டி மறுபடி உடுமலை பஸ். பெட்டிக்கு வெளியே ஸ்டியரிங் பாதி நீட்டிக்கொண்டிருந்தது. கண்டக்டர் பார்த்துவிட்டார்.

"ஏனுங்கம்மா, எங்க டிரைவர் மேல உங்களுக்கு நம்பிக்கை இல்லீங்களா?"

பஸ்ஸே சிரித்தது. கலாமணியும்தான். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று!

அப்பாவோடு அதே வீட்டில் இருக்கிற செல்வராசின் பெரிய டிவியில் லேப்டாப்பை மாட்டினாள். அப்பாவின் நாற்காலியைத் தனக்கு இடதுபக்கம் போட்டாள். மாமனார் கழுத்தை நீட்டி, தன் குழாயை டேஷ்போர்டின்மேல் அங்குலம் அங்குலமாக நகர்த்தினார்.

"வெள்ளக் குமிழு... ஆமா. சாவி சாஞ்சு நிக்குது... ஆமா. கண்ணு? கண்ணு எங்க... அட, இருக்குதே!"

ஸ்டார்ட் செய்தாள். அந்தச் சத்தம் அறையை நிறைத்தது. மாமனாரின் கை தன் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன். கேமில் அது எந்தத் தேசத்து மலையோ, ஊசியிலை மரங்களாக நின்றன.

"இது எங்க? நம்ம மலையடிவாரமா?"

"ஆமாங்கப்பா."

"வளைவு வருது... கியரு... இப்பப் போடு. அக்காங்... அப்படித்தான். பரவால்லையே அம்மணி! செல்வராசவிட நல்லா ஓட்டற."

கதவோரம் நின்ற செல்வராசுக்குப் பொறுக்கவில்லை. "பொம்ம வண்டிய யாரு வேணாலும் ஓட்டுவாங்கப்பா."

"நெச வண்டியக் கொண்டு போயி ரெண்டு தென்னமரத்துல முட்டுனவன் நீ. பேசாம இருடா."

அவளுக்கு வேண்டியிருந்தது எல்லாம் ஒரே மதியத்தில் கிடைத்துவிட்டது. கார் கிடைத்தது. ஸ்டியரிங் கிடைத்தது. பக்கத்தில் அப்பா, அவர் வாயால் ஒரு பாராட்டு, அதுவும் அண்ணன் முன்னால்! இதற்குமேல் என்ன? நான் மனதுக்குள் பத்திரிகைக்கான இந்தப் பத்தியை எழுதவே ஆரம்பித்துவிட்டேன். மகிழ்ச்சியாக முடிகிற ஒன்றை.

கொஞ்ச தூரம் ஓட்டினாள். பிறகு ஓரமாக நிறுத்தி, சாவியைத் திருப்பி அணைத்தாள்.

"போதுங்கப்பா. உங்களுக்குக் கண்ணு வலிக்கும்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வெளியே காற்றாலைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தன. நான்தான் பொறுக்கமாட்டாமல் கேட்டேன்.

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சுங்க."

"அப்பறம் என்ன?"

"எங்க காராட்டம் இல்லீங்க."

"போர்டு சரியா வரலியா?"

"போர்டெல்லாம் அச்சு அசல். அப்பாவே சொன்னாரில்லீங்க." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "எங்க கார்னா அப்பாவோட பொடனி தெரியோணுமுங்க. நான் உக்காந்த எடத்துல இருந்து பாத்தா அதுதான் எப்பவும் தெரியும். வேர்த்தாத் துண்ட எடுத்துத் தொடச்சுக்குவாரு. தூக்கம் வந்தா அதையே பாத்துட்டுத் தூங்கிருவேன். முன்னாடி உக்காந்தா... அது எங்கீங்க தெரியுது?"

பொடனி என்றால் பிடரி. எங்கள் பக்கத்துச் சொல். அதற்குப் பதிலாக வேறெந்தச் சொல்லைப் போட்டாலும் அந்த பஸ்ஸில் அவள் சொன்னது வராது.

கேட்ட நாளில் கொடுத்திருந்தால் அது டிரைவர் சீட். அவள் அதில் உட்கார்ந்து வளர்ந்திருப்பாள். அண்ணன் மாதிரி எதையும் கவனிக்காமல், எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளாமல், ரோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு சந்தோஷமாக ஓட்டியிருப்பாள். இத்தனை வருடம் கழித்துக் கொடுத்தபோது அவள் மனசு பின்சீட்டிலேயே வீடு கட்டிக் குடியேறிவிட்டது. காலி செய்து முன்னால் வா என்றால் எப்படி வரும்?

மாமனார்மேல் கோபப்படவும் முடியவில்லை. மறந்துபோன மனிதரிடம் என்ன கோபம்...

உங்கள் வீட்டில் யாராவது வண்டிச் சாவியைக் கேட்டால் இன்றைக்கே கொடுத்துவிடுங்கள்... வண்டியில் விழுகிற கீறலுக்குக் கடையில் பெயிண்ட் கிடைக்கிறது.